ஃபோட்டோவுல எல்லாரையும் வெள்ளையாக்கினவரு தன் முகத்தை வரைஞ்சப்போ: சேலத்துல ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இதை எழுதுறேன்

சேலத்துல ஞாயித்துக்கிழமை பெரியவங்களுக்கு ஒரு டிராயிங் கிளாஸ் நடத்துறேன். வேலைக்குப் போறவங்க, ரிட்டயர் ஆனவங்க, பிள்ளைங்க வளந்து கொஞ்சம் நேரம் கெடச்ச அம்மாக்கள்னு கலந்து வருவாங்க. அங்க வந்த ஒருத்தரோட விஷயத்தை அவரு சம்மதத்தோட இங்க பதிவு பண்றேன். பேரு, ஊரு, வேலை பாத்த கடை எதுவும் வராது, ஆளை அடையாளம் காட்டிடும்னு தோணுன சில விவரத்தை அவரே உக்காந்து மாத்திக் குடுத்தாரு.

நான் மனநலம் படிச்சவன் இல்ல, படம் சொல்லிக்குடுக்கிறவன். ஆனா தோல் நிறத்தைப் பத்தின வெக்கம் எல்லா போர்ட்ரெய்ட் கிளாசுக்குள்ளயும் வந்து உக்காந்துக்குது, யாரும் அதை வாயைத் திறந்து சொல்றதில்ல, ஆனா பேப்பர்ல தெரிஞ்சிடும். அதனால நாங்க என்ன பாத்தோம், என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம்னு வரிசையா வெச்சா இதே வேலை பண்ற இன்னொருத்தருக்கு உதவும்.

பின்னணி

அவருக்கு முப்பத்தஞ்சு வயசு பக்கம். பொறந்தது ஏற்காட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கிற ஒரு மலை கிராமம். மலையாளி பழங்குடி. (கேரளாக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க, சேர்வராயன், கல்ராயன், கொல்லிமலைன்னு இந்தப் பக்கத்து மலைங்கள்ல தலைமுறை தலைமுறையா தமிழ் பேசி வாழற ஜனங்க, சேலம் மாவட்டத்துல எஸ்டி பட்டியல்ல இருக்கிறவங்க.) பாட்டி காப்பி எஸ்டேட்ல பழம் பறிச்சவங்க, அம்மாவும் அதே வேலை. சேர்வராயன் மலைக்கு காப்பியைக் கொண்டுவந்தது 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்-னு வரலாறு சொல்லுது, அங்க இருந்து இன்னிக்கு வரைக்கும் அந்தச் செடிக்கு கீழ நிக்கிறவங்க பெரும்பாலும் இவங்க ஜனம் தான்.

அஞ்சாவதுக்கு மேல படிக்க கீழ சேலத்துக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டாங்க. அங்க பசங்க வெச்ச பேரு காட்டான், அப்புறம் கரிச்சட்டி. ஒரு வருஷத்துக்குள்ள மலைப் பேச்சு மொத்தமா விட்டுப்போச்சு, "எந்த ஊரு"ன்னு கேட்டா சேலம் டவுனுக்குள்ள இருக்கிற அஸ்தம்பட்டின்னு சொல்லப் பழகிட்டாரு, முப்பது வயசு தாண்டியும் அதே தான் சொல்லிட்டு இருந்தாரு. கல்யாணமாகி ஒரு பொண்ணு, அப்போ அஞ்சு வயசு.

தொழில், கல்யாண ஆல்பம் டிசைனிங். இது தான் இந்த நிகழ்வுல முக்கியமான விஷயம். ஃபோட்டோஷாப்ல ஒரு ஆக்‌ஷன் ரெடி பண்ணி வெச்சிருந்தாரு, ஒரு கீயைத் தட்டினா பொண்ணு மாப்பிள்ளையில ஆரம்பிச்சு பின்னாடி நிக்கிற சித்தப்பா பெரியப்பா வரைக்கும் எல்லா முகமும் வெளுப்பாகிடும், மூக்கு ஓரத்துல நெழலு குறைஞ்சிடும். கஸ்டமர் யாரும் கேட்டு பண்றது கெடையாது. கேக்காமயே பண்ணணும், பண்ணலைன்னா தான் கேப்பாங்க.

ஒரு நாள் பொண்ணு பக்கத்துல நின்னு ஸ்கிரீனைப் பாத்துட்டு "அப்பா, என்னையும் இப்படி பண்ணு"ன்னு கேட்டுருக்கு. அவரும் பண்ணிட்டாரு. அந்த ஃபோட்டோவை அம்மா ஃபோன்ல வால்பேப்பரா வெக்கச் சொல்லி அது அடம் பிடிச்சிருக்கு. இது எங்களுக்கு ரொம்ப பின்னாடி தான் தெரியும், வரிசை விட்டுப்போகக் கூடாதுன்னு இங்கயே சொல்லிடுறேன். கிளாசுல சேரும்போது அவரு சொன்ன காரணம் "டிஜிட்டல் போர்ட்ரெய்ட்டுக்கு அனாடமி கத்துக்கணும் மாஸ்டர்" அவ்ளோ தான்.

ஆரம்பத்துல கவனிச்சது

நல்ல கை. அளவு தப்பாது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல எவ்ளோ, மூக்கு நுனிக்கும் மேல் உதட்டுக்கும் எவ்ளோன்னு பென்சிலை நீட்டி அளந்து வெச்சா ஆளு அப்படியே வந்து நிப்பாரு. கண்ணாடி பாத்து தன் முகம் வரையிற பயிற்சி வந்தப்போ தான் வித்தியாசம் தெரிஞ்சுது. கண்ணு, மீசை, முடி எல்லாம் முழுசா ஷேடிங், ஆனா தோலு இருக்கிற இடம் மட்டும் வெறும் பேப்பர். மூக்கும் அவரோட மூக்கு இல்ல, ஒடுக்கிட்டாரு. கேட்டேன். "டைம் பத்தல"ன்னாரு. அடுத்தவங்களை வரையும்போது டைம் பத்துச்சு.

அப்புறம் கலர் வந்துச்சு. பேஸ்டல் பாக்ஸ்ல எல்லாரும் ஸ்கின் கலர்னு சொல்ற அந்த பீச் கலரை எடுத்து தேச்சாரு. இதுல அவரை மட்டும் சொல்ல முடியாது, கிளாசுல பாதிப்பேரு அதையே தான் எடுத்தாங்க, சின்ன வயசுல இருந்து நம்ம கைக்கு அதைத் தான் குடுத்திருக்கோம். அமெரிக்காவுல கிரயோலா கம்பெனி 1962லயே தோல் நிறம்னு வெச்சிருந்த பேரை எடுத்துட்டு பீச்-னு மாத்திட்டாங்க. நம்ம ஊரு ஸ்டேஷனரி கடையில இன்னும் ஸ்கின் கலர் குடுங்கன்னு கேட்டா கடைக்காரரு யோசிக்காம அதைத் தான் எடுத்து நீட்டுவாரு.

குரூப் ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் கேமராவை அவரு வாங்கிப்பாரு. ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழாத இடமா பாத்து உக்காருவாரு. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா ஒண்ணுமே இல்லாத விஷயம்.

முதல் முடிவு: அழகுன்னு யாரும் சொல்ல வேணாம்

கிளாசுல ஒரு அக்கா அந்த பீச் கலர் படத்தைப் பாத்துட்டு ரொம்ப அன்பா, "ஏனுங்க தம்பி, கருப்பு தானுங்க அழகு, எதுக்கு இப்படி போடறீங்க"ன்னு சொன்னாங்க. அவரு சிரிச்சாரு. அடுத்த வாரம் வரலை, அதுக்கடுத்த வாரமும் வரலை.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கவுன்சிலர்கிட்ட பேரு சொல்லாம பேசினேன். அவங்க சொன்னதும் நாங்க பாத்ததும் ஒத்துப்போச்சு: ஒரு மனுசன் இத்தனை வருசமா மறைச்சு வெச்சதை நாலு பேரு முன்னாடி எடுத்துப்போட்டு அதுக்கு மார்க்கும் போட்டா, மார்க்கு நூறாவே இருந்தாலும் அவனுக்கு அது இன்னொரு தடவை நிறத்தை வெச்சு எடை போட்டது தான். நிறத்தைப் பாத்து அழகுன்னு சொல்றதும் நிறத்தைப் பாத்து சொல்றது தானே. அன்னில இருந்து கிளாசுல ஒரு விதி வெச்சோம், யாரோட உருவத்தைப் பத்தியும் நல்லதோ கெட்டதோ எதுவும் பேசக்கூடாது, பேப்பர்ல இருக்கிறதைப் பத்தி மட்டும் பேசலாம். அந்த அக்காவுக்கு தனியா எடுத்துச் சொன்னேன், புரிஞ்சுக்கிட்டாங்க. அவருக்கு ஃபோன் பண்ணி பயிற்சியை மட்டும் சொன்னேன், வந்தாரு.

ரெண்டாவது முடிவு: முகம் வேணாம், கை

முகத்தை விட்டுட்டு முழங்கையில ஆரம்பிச்சோம். முகத்துல கதை இருக்கு, ஜாதகம் பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க இருக்காங்க, ஹாஸ்டல் இருக்கு. கையில அவ்ளோ இல்ல. அவரைத் தனியா நிறுத்தக்கூடாதுன்னு எல்லாருக்குமே ஒரே பயிற்சி: உங்க கையோட நிறத்தை கலந்து ஒரு பேப்பர் துண்டுல பூசி, காயவெச்சு, கை மேல வெச்சுப் பாருங்க. பேப்பரோட ஓரம் கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் திரும்பத் திரும்ப கலக்கணும்.

கறுப்பு டியூபைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். கறுப்பு சேத்தா தோலு செத்துப்போயிடும். பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேத்தா ஆழமான பிரவுன் வரும், சூடு பத்தலைன்னா கொஞ்சம் சிவப்பு, வெயில் பட்ட எடத்துக்கு மஞ்சள் ஓக்கர். வெளிச்சம் அடிக்கிற எடத்துல வெள்ளையை அப்படியே வெச்சா சாம்பல் பூசின மாதிரி ஆகிடும், ஜன்னல் வழியா வானம் தெரிஞ்சா கருத்த தோல்ல அந்த வெளிச்சம் லேசா நீலமா தான் விழும், அதைப் பாத்து நீலம் கலந்த வெளிச்சத்தைத் தான் வெக்கணும்.

இதுல தான் அவரு மாறினதை முதல் தடவை பாத்தேன். டிசைனர் கண்ணு இல்லையா, ஒரு தடவை உள்ள போயிட்டா விடாது. முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் ஒண்ணு, விரல் மூட்டு வேற, உள்ளங்கை சுத்தமா வேற, நகத்துக்கு அடியில ஒரு ரோஸ்னு துண்டு துண்டா பூசி மேசை பூரா பரப்பிட்டாரு. "மாஸ்டர், எங்கிட்ட இருக்கிற ஃபோட்டோஷாப் ஸ்லைடர்ல இது ஒரே ஒரு பாய்ண்ட், இங்க இத்தனை இருக்கு"ன்னாரு. நான் எதுவும் சொல்லலை, இன்னும் கொஞ்சம் பேப்பர் வெட்டிக் குடுத்தேன்.

அன்னிக்கு ஷர்லி கார்டு கதையைச் சொன்னேன், ஃபோட்டோ ஆளுங்கிறதால. கோடாக் கம்பெனி கலர் லேபுகளுக்கு தோல் நிறம் சரியா வருதான்னு ஒத்துப்பாக்க ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஃபோட்டோ அச்சடிச்ச கார்டு குடுத்தாங்க, அவ முகம் நல்லா வந்தா லேப் சரி, கருத்த முகம் இருட்டுல மூழ்கினா அது அந்த முகத்தோட தலையெழுத்து. பல நிறத்து ஆளுங்க இருக்கிற கார்டு வந்தது 1990கள்ல தான். அவரு கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ எங்க ஸ்கூல் குரூப் ஃபோட்டோவுல என் முகம் மட்டும் கண்ணும் பல்லுமா இருந்ததுக்கு நான் காரணம் இல்ல"ன்னாரு. அந்த ஃபோட்டோவை அவரு பத்தாவது முடிச்ச அன்னிக்கே கிழிச்சுப் போட்டாராம்.

பாட்டி ஃபோட்டோ

நினைவுல இருந்து ஒருத்தரை வரையிற பயிற்சிக்கு அவரு பாட்டியை எடுத்தாரு. ஞாபகத்துல இருந்து வரஞ்சதை ஒத்துப்பாக்க வீட்டுல மாலை போட்டு மாட்டியிருந்த ஃபோட்டோவைக் கழட்டிக் கொண்டுவந்தாரு. பிளாக் அண்ட் ஒயிட், சேலத்துல ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது, நாக்காலியில உக்காந்து ரெண்டு கையையும் மடியில வெச்சிருக்காங்க.

மேசை மேல வெச்சு ரொம்ப நேரம் பாத்தவரு விரலை வெச்சுக் காட்டினாரு. முகம் ஒரு நிறம், கை வேற நிறம். முகம் நல்லா வெளுப்பு, கை கன்னங்கரேல்னு. இருபது வருசமா இதைத் தொழிலா பண்றவரு சின்ன வயசுல இருந்து தினம் பாத்த ஃபோட்டோவுல இதைக் கவனிச்சதே இல்ல. அந்தக் காலத்துல நெகட்டிவ் மேல கூரான பென்சிலால மெல்ல மெல்ல கோடு போடுவாங்க, நெகட்டிவ்ல கிராஃபைட் ஏறின எடம் பிரிண்ட்ல வெளுப்பா வரும், சுருக்கமும் மறையும். டச்சப் பண்ணவரு முகத்தோட நிறுத்திட்டாரு, கை வரைக்கும் போகலை.

"எனக்கு முன்னாடியே ஒருத்தன் இதே வேலையை எங்க பாட்டிக்கு பண்ணியிருக்கான்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. திரும்பி வந்தப்போ கண்ணு செவந்திருந்துச்சு. அன்னிக்கு தான் பொண்ணு வால்பேப்பர் விஷயத்தைச் சொன்னாரு. அன்னிக்கே கவுன்சிலர் நம்பரும் குடுத்தேன், இந்த கிளாஸ் அதுக்கு மாத்து இல்லன்னு வெளிப்படையா சொன்னேன். கொஞ்ச நாள் யோசிச்சுட்டு போனாரு, அங்க என்ன பேசினாங்கன்னு நான் கேட்டதில்ல.

அளந்தவங்க எழுதின புத்தகம்

மூக்கை ஏன் ஒடுக்கி வரையிறோம்னு அவரே கேட்டுக்கிட்டப்போ எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை காட்டலாமா வேணாமான்னு தயங்கி, அவருகிட்ட கேட்டுட்டே காட்டினேன். எட்கர் தர்ஸ்டன், சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு பொறுப்பா இருந்தவரு, 1909ல ரங்காச்சாரி துணையோட ஏழு தொகுதியா தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தி புத்தகம் போட்டாரு. தலை நீளம், மூக்கு அகலம்னு கருவி வெச்சு மனுசங்களை அளந்தவரு. அதே காலத்துல ரிஸ்லேங்கிற அதிகாரி மூக்கு எவ்ளோ அகலமோ அந்த அளவுக்கு சமூகத்துல கீழன்னு கணக்கே போட்டு வெச்சிருந்தாரு. தர்ஸ்டன் புத்தகத்துல சேர்வராயன் மலையாளிகளும் இருக்காங்க, காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்க சொல்ற பூர்வீகக் கதையும் இருக்கு.

அவரு முதல்ல பிடிச்சுக்கிட்டது அந்தக் காஞ்சிபுரம் கதையைத் தான். "பாத்தீங்களா மாஸ்டர், நாங்க ஒரிஜினலா மலை ஆளுங்களே இல்ல." கொஞ்சம் கழிச்சு அவரே, "ஸ்கூல்லயும் இதைத் தான் சொல்லித் தப்பிச்சேன்"னாரு. அந்தக் கதை அவங்க ஜனத்துக்கு சொந்தம், அதைச் சொல்றதுல தப்பே இல்ல, தன்னை மலையில இருந்து பிரிச்சு நிறுத்த அதைப் பயன்படுத்தினது தான் அவரைக் குத்துச்சு.

மண்ணு

அடுத்த யோசனை முழுக்க அவரோடது. பாட்டி கையை ஊரு மண்ணுல வரையணும்னாரு. அஸ்தம்பட்டின்னு சொல்லிட்டு இருந்தவரு "எங்க ஊருக்குப் போலாம்"னு சொன்னது அதான் முதல் தடவை. குப்பனூர் ரோடு வழியா போய், காப்பித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்துக்கு அடியில, மண்ணு சரிஞ்சு கெடந்த எடங்கள்ல கை கையா அள்ளினோம். செங்கல் சிவப்பு, மஞ்சள், கிட்டத்தட்ட காப்பிக்கொட்டை நிறம்னு ஒரே மேட்டுல பல நிறம். வெளுப்புக்கு சேலம் சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட் கல்லு கொஞ்சம் கெடச்சுது.

மண்ணைத் தண்ணியில கரைச்சு, மணலு அடியில தங்கினதும் மேல நிக்கிற செந்தண்ணியை வேற பாத்திரத்துல ஊத்தி, தெளிய விட்டு, அடியில படிஞ்ச வண்டலைக் காயவெச்சு அரைச்சு, மல்லுத்துணியில சலிச்சு, வேலம்பிசினைத் தண்ணியில ஊறவெச்சு கலந்தா வாட்டர்கலர் ரெடி. ரெண்டு சொட்டு தேன் விட்டா காஞ்சு வெடிக்காது. பூஞ்சை வராம இருக்க கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு. காப்பி டிக்காஷன்லயே வரையலாம்னு ஒருத்தர் சொன்னாங்க, வேணாம்னு முடிவு பண்ணோம், அது வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துடும். எதைப் பூசினாலும் வெளுக்காம நிக்கணுங்கிறதுல அவரு ரொம்ப பிடிவாதமா இருந்தாரு.

பாட்டியோட கையை வரஞ்சாரு. அப்புறம் அந்தக் கை நிறத்துலயே முகத்தை. கடைசியா கண்ணாடியை எடுத்து வெச்சு தன் முகத்தை. மூக்கு ஒடுங்கலை.

அம்மா சொன்னது

பாட்டி படத்தை வீட்டுல காட்டினதும் அம்மாவுக்கு கோபம் வந்துடுச்சு. "ஏன்டா சாமி, எங்கம்மாளை இப்படி கருப்பாக்கிட்ட?" அவரு நெகட்டிவ், பென்சில்னு எல்லாம் விளக்கியிருக்காரு. அம்மா சொன்னது: "தெரியும்டா. நான் தான் காசு குடுத்து வெளுப்பா பண்ணச் சொன்னேன். காலம் பூரா வெயில்லயும் மழையிலயும் நின்னவ, ஃபோட்டோவுலயாச்சும் நெழல்ல இருக்கட்டும்னு."

இந்த ஒரு பேச்சு எங்க எல்லாரையும் நிறுத்திடுச்சு. அதுவரைக்கும் யாரோ ஒரு ஸ்டுடியோக்காரன் பண்ண அநியாயம்னு அவரும் நெனச்சாரு, நானும் நெனச்சேன். கூலிக்காசுல மகள் தன் தாய்க்குப் பண்ண மரியாதை அது. அதுக்குள்ளயும் அந்த வெக்கம் இருக்கு, இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அன்பையும் வெக்கத்தையும் ரெண்டா கிழிச்சு ஒண்ணை மட்டும் தூக்கிப் போட அந்த அம்மாகிட்ட யாரும் கேக்க முடியாது. படத்தை மாட்டணும்னு அழுத்த வேணாம்னு அவரு முடிவு பண்ணாரு, நானும் அது சரின்னு தான் சொன்னேன். பழைய ஃபோட்டோ அதே எடத்துல மாலையோட இருக்கு. மண்ணுல வரஞ்சது அவரு கம்ப்யூட்டர் மேசைக்கு மேல இருக்கு. கண்காட்சியில வெக்கலாமான்னு ஒருத்தர் கேட்டப்போ வேணாம்னுட்டாரு.

அதுக்கப்புறம்

ஆல்பம் வேலை இன்னும் பண்றாரு. அந்த ஆக்‌ஷனை டெலீட் பண்ணிட்டாரு, இப்போ கேட்டா மட்டும் வெளுப்பாக்குறாரு. கேக்குறாங்க, பண்றாரு, சம்பளம் அதுல தான். முதலாளியோட ரெண்டு மூணு தடவை பேச்சு வந்துச்சு, கேக்காத ஒரு சில வீட்டுக்காரங்க ஆல்பம் நல்லா இருக்குன்னு வாங்கிட்டும் போயிருக்காங்க. ஃபேர் அண்ட் லவ்லி 1975ல வந்து 2020ல பேரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்திக்கிட்ட ஊருல ஒரு டிசைனர் தனியா நின்னு மார்க்கெட்டைத் திருப்பணும்னு எதிர்பாக்குறது நியாயம் இல்ல.

எந்த ஊருன்னு கேட்டா இப்போ கிராமத்துப் பேரைச் சொல்றாரு. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு பொண்டாட்டி பிள்ளையோட போயிட்டு வந்தாரு, குரூப் ஃபோட்டோவுல நிக்கிறாரு.

பொண்ணு விஷயம் இன்னும் முடியலை. அப்பா நிறம் கலக்குறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கும், அதுவும் கலக்கும். குடும்பத்தை வரையச் சொன்னப்போ அப்பாவை நல்ல பிரவுன்ல, ரொம்ப அக்கறையா வரஞ்சுது. தன்னை பீச் கலர்ல வரஞ்சுது. அவரு அதைத் திருத்தலை. ஏன்னு கேக்கவும் இல்ல. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது, டிவி பாக்குது, சொந்தக்காரங்க கல்யாணத்துல "அம்மா கலர் வரலையே"ன்னு பேசுறதைக் கேக்குது, அது எல்லாத்தோடயும் ஒரு பேலட் மட்டும் போட்டி போட முடியாது.

இனிமே மாறுறது

உருவத்தைப் பத்தி பேசக்கூடாதுங்கிற விதி இப்போ கிளாசுல சேரும்போதே சொல்லிடுறோம், கவுன்சிலர் நம்பரும் முதல் நாளே எல்லாருக்கும் போயிடுது, அழுத பின்னாடி ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா அது வேற மாதிரி படும். பீச் பேஸ்டலை எடுக்கலை, ஆனா கை நிறம் கலக்குற பயிற்சி முடியாம யாரும் முகத்துக்குப் போறதில்ல. குடும்பத்துல இருந்தவங்களை, இறந்தவங்களை வரையணும்னா அந்த ஃபோட்டோவை யாரு எடுத்தா, யாரு காசு குடுத்தா, யாரு எப்படி பண்ணச் சொன்னாங்கன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட முதல்ல உக்காந்து கேட்டுட்டு வரச் சொல்றோம். பழைய ஆவணங்களை, அதுலயும் ஆளை அளந்து எழுதின புத்தகங்களை, சம்பந்தப்பட்டவரே கேட்டா மட்டும், பக்கத்துல ஒருத்தர் இருக்கும்போது மட்டும் காட்டுறோம்.

புது பேட்ச்ல நிறம் கலக்குற வகுப்பை அவரு தான் எடுக்கிறாரு. மண்ணு கரைக்கிறதுக்கு முந்தின நாளே வந்து பாத்திரம் கழுவி வெச்சிடுறாரு, மல்லுத்துணி அவங்க அம்மா குடுத்து விடுறாங்க.